துடைத்த முகம்

"சீக்கு வந்த மூஞ்சிய எவன்டி காசு குடுத்து வாங்குவான்?"

பூங்கோதையின் குரல் சூளைக் கொட்டகையின் தகரக் கூரையில் மோதித் திரும்புகிறது. "அதத்தாங்க்கா கேக்குறாங்க" என்கிறாள் சந்திரலேகா, தலை நிமிராமல். போன தையில்தான் இந்த விருத்தாசலம் பட்டறைக்கு வந்தவள். பூங்கோதையோ இங்கே முதல் கை. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். இருவருக்கும் நடுவே பலகையில் இரண்டு கறுப்புப் பீங்கான் பொம்மைகள். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாத் தீவில் இருக்கிற பிராணியாம். கங்காரு மாதிரி பையில் குட்டி வளர்க்குமாம், ஆனால் கறிதான் தின்னுமாம். முகத்தில் கட்டி வந்து கூட்டங்கூட்டமாகச் சாகிறதாம். அதைக் காப்பாற்ற நிதி திரட்டுகிறவர்கள் போட்டோ அனுப்பிப் பொம்மை கேட்டிருக்கிறார்கள். போட்டோவிலிருந்த கட்டிகளைச் சந்திரலேகா அப்படியே வைத்துவிட்டாள். பூங்கோதை, கொலு பொம்மை செய்கிற வழக்கத்தில், சூளைக்குப் போகுமுன்பே தன் பொம்மையில் ஈரப் பஞ்சால் அத்தனையையும் துடைத்து மாப்பிள்ளைக் களை வரவழைத்துவிட்டாள். முதலாளி மாரிமுத்து கட்டி முகத்தை எடுத்து வைக்கோலில் சுற்றுகிறார். "இதான் சாம்பிளு. பூங்கோத, இனிமே அவ சொல்றாப்ல நீயும் செய்யி." கூரை ஓட்டை வழியே இறங்கிய வெயில் மிஞ்சிய பொம்மையின் கன்னத்தில் பளபளக்கிறது. பூங்கோதை முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே மறுபடியும்.

சந்திரலேகா அடுத்த வருஷமே வேப்பூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். நல்லூரில் பூங்கோதை புகுந்த வீட்டு டிவி மேல் அந்தப் பொம்மை நிற்கிறது. என்ன பிராணி என்று யாராவது கேட்டால் பேர் சொல்வதில்லை. "அதுல சீக்கு இல்லாதது இது ஒண்ணுதாங்க" என்கிறாள்.