அடைபட்ட ஓட்டை

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கத் தெரியாதா மெலே?"

சாஸேஜ் ரோலை மென்றபடியே கேட்டார் ட்ரெவர். மெல்பர்னில் ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்துப் போட்டிகளுக்கு டிக்கெட் விற்கும் நிறுவனத்தின் மேலாளர். இறுதிப் போட்டி முடியும்வரை சர்வர்களில் எதையும் மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

சர்வர்களைப் பராமரிக்கும் மெலே போன வாரமே தலைபாடாய் அடித்துக்கொண்டாள். தகவல்களைத் தற்காலிகமாகச் சேமிக்கும் கேஷ் சர்வரில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியே எவன் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து வாடிக்கையாளர்களின் கார்டு எண்களை அள்ளலாம். அதை அடைக்கும் திருத்தம் வெளியாகிவிட்டது, போட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலைதான் என்று.

"அஞ்சு நிமிஷம் டிக்கெட் விக்கலேன்னா ஜனங்களுக்கு நீயா பதில் சொல்லுவே? பயந்தாங்கொள்ளிக்குப் பார்க்கிற இடமெல்லாம் பூதம்!" என்று அன்று விரட்டியவர், இன்று ஒரு அறிக்கையை மேஜையில் விசிறியடித்தார்.

"காலைல சோதனை பண்ணிட்டாங்க. ஓட்டையே இல்லை. ஞாயித்துக்கிழமையே திருத்தம் போட்டாச்சாம். யாரைக் கேட்டுப் போட்டே?"

"நான் போடலே, ட்ரெவர்."

"அப்போ சர்வரே தனக்கு ஊசி போட்டுக்கிச்சா? அடையாள அட்டையை வெச்சுட்டுக் கிளம்பு தாயே!"

மெலேவுக்கு வேலை போனால் விசா போகும், விசா போனால் சொந்த நாடான டோங்காவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஆனால் அறிக்கையிலிருந்த தேதியைப் பார்த்ததும் அவள் பயமெல்லாம் கோபமாக மாறியது.

"நான் தொட்டுடுவேன்னு பயந்து வெள்ளிக்கிழமையே என் பாஸ்வேர்டை நிறுத்தினீங்களே, மறந்துடுச்சா? ஞாயித்துக்கிழமை உள்ளே போற உரிமை உங்க ஒருத்தருக்குத்தான் இருந்துது."

"நானா? எனக்கு அதெல்லாம் போடவே தெரியாதே!"

"அது ஆபீஸுக்கே தெரியும்."

ட்ரெவரின் தாடை நின்றது. "அப்போ... யாரு போட்டது?"

அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள் மெலே.

"ஓட்டை வழியா உள்ளே வந்தவன். தனக்குப் பின்னால இன்னொரு திருடன் வந்துடக் கூடாதுன்னு அடைச்சுட்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்கான். அஞ்சு நிமிஷ வேலைதானே, ட்ரெவர்!"