கூத்தில் இல்லாத வசனம்

“கண்ண மூடிக்குங்கப்பா. நீங்க இப்ப ராஜா. எதுத்த நாற்காலியில ஒங்க மக ஒக்காந்திருக்கா.”

“நீதானம்மா ஒக்காந்திருக்க.”

“நான் ரேகா இல்ல, இளவரசி. கொஞ்சம் கற்பனை பண்ணுங்க.”

ரேகா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவள். அப்பா பழனிவேல் ஒழுங்காகத் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டது. கடலூரில் பார்க்காத டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டிக் கூட்டி, இப்போது கை வேறு நடுங்குகிறது. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று மகள் இறங்கிவிட்டாள்.

பழனிவேல் ஒரு காலத்தில் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். மகள் ஆசைப்பட்டவனை ரகசியமாகக் கொன்றுவிட்டு, தூக்கம் கெட்டு அலைகிற ராஜா. ஆழ்மனதில் கிடப்பதை நேராகக் கேட்டால் வராது, வேஷம் கட்டவிட்டுக் கேட்டால் தானாக வரும் என்பது ரேகா படித்த படிப்பு.

அப்படி என்ன கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் விரும்பிய எழிலன் கொரோனாவில் செத்துப்போன பிறகு, கல்யாணப் பேச்சையே அவள் எடுக்கவிடவில்லை. பெற்ற மனதுக்கு அந்தக் கவலைதான். வாய்விட்டு அழுதுவிட்டால் போதும், தூக்கம் வந்துவிடும்.

“சொல்லுங்கப்பா, அவர ஏன் கொன்னீங்க?” என்றாள் இளவரசியாக.

பழனிவேலின் உதடு துடித்தது. “நான் கொல்லலம்மா.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா கொல்லல.”

ரேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கதைய மாத்தாதீங்கப்பா. ராஜா அவனக் கொன்னுடுறான்ல?”

“ராஜா கொன்னான்.” கண்ணைத் திறந்துவிட்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. “நான் செத்துட்டான்னு மட்டுந்தாம்மா சொன்னேன்.”

ரேகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “என்னப்பா சொல்றீங்க?”

“சாதி சனத்துக்குப் பயந்துட்டேன். ஊரடங்குல நீ போயி பாக்க முடியாதுன்னு தைரியம். அவன் கால்ல விழுந்து, ஒன் பக்கமே வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். எழிலன் சேத்தியாத்தோப்புல உசுரோடதாம்மா இருக்கான்.”