யார் ஓட்டியது?

மலேசியாவின் கோலா சாவா தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் வாக்குவாதம் சூடு பறந்தது.

“செஞ்சவன் ஒருத்தன், சாவறவன் இன்னொருத்தனா? என்ன நியாயம்லா இது?” என்றான் ஹேமநாதன்.

“நம்ம பாவத்த இயேசு சுமந்தாருடா. அதான் அன்பு!” என்றான் சேவியர்.

“அவனவன் பாவத்த அவனவன்தான் தீர்க்கணும்!”

அப்போது மேனேஜர் சீறிக்கொண்டு வந்தார்.

“டிராக்டர கால்வாய்ல எறக்கினது யாரு? அவனுக்கு இன்னியோட வேலை போச்சு!”

சேவியரின் முகம் வெளுத்தது.

“நான்தான் சார்,” என்றான் ஹேமநாதன்.

சேவியர் துள்ளி எழுந்தான். “பொய் சார்! இவன் அதத் தொடவே இல்ல. நான்தான்!”

“இல்ல சார், நான்தான்!”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாருக்கும் வேலை போகல. ரெண்டு பேரும் போய் வண்டிய வெளிய எடுங்கடா!”

சேற்றில் நின்று தள்ளும்போது சேவியர் கேட்டான். “ஏன்டா அப்படிச் சொன்ன?”

“உன் பிள்ளைங்க மொகம் கண்ணுல வந்துச்சு. அவ்ளோதான்லா!”