உள்ளே ஒருவர்

அத்திபெலே தொழிற்சாலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற 1998-இல் வந்த ரகுராம், முதலில் கேட் ரிஜிஸ்டரை அதில் ஏற்ற வைத்தான். தினமும் மாலையில் கூலியாட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் திரை, 'உள்ளே இருப்பவர்: 1' என்றது. தலைகீழாய் நின்றும் பிழை பிடிபடவில்லை.

"மிஷின் தப்பு சார்" என்றார் வாட்ச்மேன் முனிரத்தினம்.

"நீங்க எழுதினதைத்தான் அது சொல்லும்."

ரகுராம் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினான். மே ஒன்பது. கூலியாள் பசவராஜ் உள்ளே வந்திருக்கிறான்; வெளியே போன கையெழுத்து இல்லை.

"அவனா? ஊருக்கு ஓடிட்டான்னு மொதலாளி சொன்னாரு சார்."

"அன்னிக்கு இங்க என்ன வேலை?"

"நீங்க வர்றீங்கன்னு அவசர அவசரமா இந்தக் கம்ப்யூட்டர் ரூமுக்குக் குழி தோண்டி, காங்கிரீட் கொட்டினாங்க."

ரகுராம் மெல்லக் கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான்.