பூஜ்யம் காட்டிய கால்

இடுப்பு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும் மயில்சாமியின் இடது காலில் நரம்பு பழுக்கக் காய்ச்சிய கம்பியாய் எரிந்தது. மருத்துவமனைச் சுவரிலிருந்த வலிமானியோ ஆறாவது முறையாகப் பூஜ்யம் காட்டியது.

"எட்டு மாசமா ஒரே அளவுல இருக்கறத மெஷின் வலின்னு எடுத்துக்காதுங்க. அது உங்க இயல்பு," என்றார் டாக்டர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மனைவி ரத்தினாவும் கணவர் நடிக்கிறாரோ என்பதுபோலத்தான் பார்த்தாள். மயில்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவ வார்டில் மனைவியின் வலியைக் கணவனுக்குக் கடத்தக் கட்டும் பட்டை ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்திருந்தார். ஒரு முனையைத் தன் காலிலும் மறுமுனையை அவள் காலிலும் கட்டினார்.

"ஐயோ மாமா, இத வெச்சுக்கிட்டா இத்தன நாளு நடந்தீங்க!" என்று அலறித் தரையில் சரிந்தாள் ரத்தினா.

வலிமானி அவளுக்கு ஒன்பதைக் காட்டி ஊளையிட்டது. டாக்டர் துள்ளி எழுந்தார். "நரம்பு நசுங்கியிருக்குது. அம்மாவுக்கு உடனே ஆபரேஷன் பண்ணோணும்!"

"நசுங்கினது என்னோடதுங்க!" என்று கத்தினார் மயில்சாமி.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த நர்ஸ் திரையை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்குத்தான் பூஜ்யமாச்சேண்ணா. சும்மா நிக்காம இந்தப் பக்கம் வந்து தூக்குங்க."