தலையைத் தூக்காமல்

கைபேசியை மூக்கில் இடிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய இடது மணிக்கட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார் மதிப்பீட்டாளர்.

வீட்டுக்குப் பின்புறப் படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் அவர் கட்டிய வலை. வலைக்கடியில், சற்று முன் அவர் அடித்த கோல்ஃப் பந்து.

அந்த அடியைக் கைபேசியை நிறுத்திவைத்துத் தானே பிடித்த படத்தில், அவரே மட்டையை மெல்ல, மிக மெல்ல, தண்ணீருக்குள் நிற்பவர்போல ஓங்கினார்.

மணிக்கட்டு சரி.

பிழைப்புக்கு அவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பை மதிப்பிடுபவர். எரிந்துபோன கிடங்கின் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தால் போதும். எங்கே என்ன இருந்தது, எது போனது, எது போகாமலே போனதாகச் சொல்லப்படுகிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். படத்தின் மூலையில் கிடக்கும் ஒரு கதவுக் கைப்பிடிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அலுவலகத்தில் அவருக்குக் 'கழுகு' என்று பெயர்.

அந்தக் கழுகுக்கு ஆறு மாதமாக கோல்ஃப் பைத்தியம் பிடித்திருந்தது.

பல் தேய்க்கும்போது இடுப்பைத் திருப்புவார். லிஃப்ட் கண்ணாடியில் தோளைச் சரிபார்ப்பார். ஒரு துக்க வீட்டில், கொண்டுபோன குடையைத் தலைகீழாகப் பிடித்துச் சும்மா ஒரு வீச்சு வீச, இறந்தவரின் தம்பி அழுகையை நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சமையலறையில் அவர் கரண்டியை எடுத்தால் அது கிண்டுவதற்காக இருக்காது.

இவ்வளவு பாடுபட்டும் போன மாதம் ஆட்டத்தை முடிக்க நூற்றுப் பதினெட்டு அடி. விஷயம் தெரிந்து மாமனார் போன் போட்டு வாழ்த்தினார். இந்த ஆட்டத்தில் எண்ணிக்கை குறையக் குறையத்தான் கெட்டிக்காரன் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நாக்கு தள்ளிவிட்டது.

நாளைக்குப் போட்டி. நூறுக்குள் முடித்தே தீருவதென்று சபதம்.

அவரிடம் இருக்கும் கோளாறு ஒன்றே ஒன்றுதான் என்று கோச் கண்டுபிடித்திருந்தார். அடிக்கும்போது தலையைத் தூக்கிவிடுகிறார். யார் வந்தாலும், எது இடிந்து விழுந்தாலும், பந்து போன பிறகும்கூட, பந்து இருந்த இடத்தையே பார்க்க வேண்டுமாம். சொல்வது சுலபம். சத்தம் கேட்டால் திரும்புவதற்குத்தானே கழுத்து என்று ஒன்று இருக்கிறது?

மறுபடி ஓட விட்டார். இடுப்பும் சரி.

உட்கார்ந்து ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. இதற்கு மேல் தன்னால் முடியாது, விடிந்ததும் பேசியே ஆக வேண்டும் என்றாள். காபி குடித்துக்கொண்டே பேசலாம் என்று இவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் அவள் காபியைக் கொண்டுவந்து படியில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. இந்த ஒரு அடியை மட்டும் சரிபண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை 'ஒரு அடி' அடித்தார் என்பதுதான் ஞாபகம் இல்லை. பக்கத்தில் காபி ஏடு கட்டிக் கிடந்தது.

மூன்றாம் முறை ஓடவிட்டுத் தலையைப் பார்த்தார். திரையில் தன் மூக்கின் மேல் விரல் நகத்தை வைத்து அடையாளம் பண்ணிக்கொண்டார். மட்டை மேலே போனது, கீழே வந்தது, தோள் திரும்பியது, பந்து பறந்தது.

மூக்கு நகத்தை விட்டு நகரவே இல்லை.

உடனே படத்தைக் கோச்சுக்கு அனுப்பினார். மனைவிக்கும் காட்டிவிட்டு, அப்படியே அவள் பேச்சையும் கேட்டுவிடலாம் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது. பரவாயில்லை, இன்றைக்கு இருக்கும் உற்சாகத்தில் அவர் யாரையும் சமாதானப்படுத்திவிடுவார்.

இதுவரை மெதுவோட்டத்தில், சத்தமில்லாமல்தான் பார்த்திருந்தார். மட்டை பந்தில் படுகிற அந்த 'டக்'கைக் கேட்க ஆசையாக இருந்தது. சத்தத்தைக் கூட்டி, சாதாரண வேகத்தில் முதலிலிருந்து போட்டார்.

ஒரு காக்கை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். பிறகு, சிமெண்டுத் தரையில் சிறிய சக்கரங்கள் உருளும் சத்தம்.

அப்போதுதான் கழுகு படத்தின் மூலையைப் பார்த்தது.

அவர் தோளுக்குப் பின்னால், பக்கவாட்டு கேட்டருகே மனைவி நின்றிருந்தாள். கையில் பெரிய பெட்டி. இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குப் போனால் மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெட்டி. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“நான் போறேங்க.”

படத்திலிருந்த மனிதர் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' என்றார்.

அவள் இன்னும் சற்று நின்றாள். பிறகு கேட் திறந்து மூடியது. டக். அடி கச்சிதமாக விழுந்தது.

தெருமுனைக் கடைக்குப் போனாலும் 'போயிட்டு வர்றேங்க' என்று சொல்லாமல் அவள் படியிறங்கியதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் கிடையாது.

எழுந்து தெருவுக்கு ஓட அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் நகர்த்தி மறுபடி போட்டார். மோட்டார் சத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும் என்று காதோடு வைத்துக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். 'போறேங்க' தெளிவாக இருந்தது. 'வர்றேங்க' எங்கேயும் இல்லை.

காதிலிருந்த கைபேசி அதிர்ந்தது. கோச் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

“சூப்பர் சார்! பின்னாடி ஆள் போறாங்க, அப்பகூட தலையைத் தூக்கல பாருங்க. இதைத்தான் சார் சொன்னேன்!”