இருபத்தாறில் நிற்கும் டேப்

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து தையல்காரியின் வயிற்றில் சதுரமாக விழுந்திருக்கிறது. நர்ஸ் அவள் அடிவயிற்று எலும்பில் டேப்பின் நுனியை அழுத்தி, கர்ப்பப்பையின் மேடு வரை மெல்ல இழுத்து வைக்கிறாள். இருபத்தாறு சென்டிமீட்டர். கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைப் புரட்டுகிறாள். போன மாதமும் இருபத்தாறுதான். இது எட்டாம் மாதம். முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். "உங்க டேப் இழுபட்டுப் போயிருக்கும் சிஸ்டர். பழசானா நீண்டுடும், அளவு கம்மியாத்தான் காட்டும். அதால என் கடையில எத்தனை சட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கு!" தையல்காரி சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் புது மஞ்சள் டேப்பை நீட்டுகிறாள். நர்ஸ் சிரிக்கவில்லை. சென்டிமீட்டர் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறாள். மஞ்சளிலும் இருபத்தாறு. மார்பு வரை சுருட்டிய மேல்சட்டையின் ஓரத்தில், வயிறு பெருக்கப் பெருக்க மாதத்துக்கு ஒரு தையலாகப் பிரித்துவிடத் தையல்காரியே போட்டுவைத்த சாக்பீஸ் கோடுகள் தெரிகின்றன. கடைசி இரண்டு தையலைப் பிரிக்கத் தேவையே வரவில்லை. "பிள்ளை அசையுதாம்மா?" "அசையுது. முன்ன மாதிரி இல்ல, சாதுவா இருக்கு. என்னை மாதிரி வாயாடி இல்லபோல." "இப்ப சாதுவா இருக்கக் கூடாதும்மா. இன்னைக்கு வீட்டுக்குப் போக வேணாம். டாக்டரைக் கூப்பிடுறேன், உடனே ஸ்கேன் எடுத்துடலாம்." நர்ஸ் வேகமாக வெளியே போகிறாள். தையல்காரியின் சிரிப்பு, மடித்து வைக்க மறந்த துணிபோல, முகத்திலேயே கிடக்கிறது. வெயில் சதுரம் விலகிவிட்டது. மஞ்சள் டேப் இன்னும் வயிற்றின்மேல் இருக்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கிறாள். இருபத்தாறு என்ற எண்ணுக்கு அடியில் மட்டும் தோல் மெல்ல எழும்புகிறது. உள்ளேயிருந்து யாரோ தொட்டுச் சரிபார்ப்பதுபோல ஒரு கணம் நின்று, அடங்குகிறது.